நேயருக்குப் பதில் சொல்லுங்கள்

(தூத்துக்குடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடிக்குத் தொலைக்காட்சி கடல் தாண்டி வந்தது. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் திறந்தபோது அதன் அலை நம் கரையை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் கொழும்பில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து புறப்பட்ட அதன் அலை மன்னார் வளைகுடாவைக் கடந்து நம் மொட்டை மாடிகளுக்கு வந்து சேர்ந்தது. தென்கிழக்கே பார்த்து உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டினோம். காற்றுக்குக் கம்பம் திரும்பினால் ஒருவர் மாடியில் நின்று திருப்புவார், இன்னொருவர் கீழேயிருந்து 'வந்துட்டு, வந்துட்டு' என்று கத்துவார். சிங்களம் புரியாவிட்டாலும் பார்த்தோம். தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்துக்குக் காத்திருந்தோம்.

அதற்கு முன்பே நம் காதுகளை இலங்கை வானொலி பழக்கியிருந்தது. கே.எஸ். ராஜாவின் வேகமும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு தெரியும். எந்த அறிவிப்பாளர் ழகரத்தை எப்படிச் சொல்கிறார் என்று டீக்கடையில் தர்க்கம் செய்தவர்கள் நாம். நல்லதற்கும் மட்டமானதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஊர் மக்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இன்றைய நிகழ்ச்சிகளைப் பற்றிக் குறைபட்டால் உடனே வருகிற பதில், 'மக்களின் ரசனை அவ்வளவுதான்' என்பது. அந்தப் பதிலை இன்று மறுக்கப் போகிறேன்.

1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகு தென்மாவட்டங்கள் சென்னையைப் பார்த்தன. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், வயலும் வாழ்வும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். நிகழ்ச்சிகள் மெதுவாக நகர்ந்தன. செய்தியில் அரசாங்கத்தின் குரல் மட்டுமே கேட்டது. ஆனால் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. 'எதிரொலி' என்றொரு நிகழ்ச்சி. நேயர்கள் எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டு நிலைய இயக்குநர் ஏ. நடராஜன் கேமராவின் முன் உட்கார்ந்து பதில் சொல்வார். இந்த நாடகம் ஏன் இவ்வளவு மோசம், அந்தப் படத்தை ஏன் போட்டீர்கள் என்று பதினைந்து காசு கார்டில் எழுதிக் கேட்டவர்களுக்கும் பதில் கிடைத்தது. பதில் எல்லா நேரமும் திருப்தி தந்ததா என்பது வேறு விஷயம். கேட்டவரின் பெயரும் ஊரும் சொல்லி, கேள்வியை ஊரறியப் படித்து, பொறுப்பில் இருப்பவர் விளக்கம் தந்தார். நேயர் என்பவர் பதில் சொல்லப்பட வேண்டிய ஆள் என்ற மரியாதை அதில் இருந்தது. இன்று நமக்குள்ள குறைகளுக்கெல்லாம் வேர், அந்த மரியாதை போனதுதான் என்பது என் துணிபு.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அடுத்தடுத்து ராஜ், விஜய், ஜெயா என்று வரிசையாக வந்தன. அரசாங்கக் குரல் ஒன்றே கேட்ட வீட்டுக்குள் பல குரல்கள் வந்தன. அதில் பெரும் நன்மை இருந்தது, மறுப்பதற்கில்லை. நாகா இயக்கிய 'மர்மதேசம்' ஓடிய இரவுகளில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்தது. 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கவலையை நம் வீட்டுக் கவலையாக உணர்ந்தோம். 2006 முதல் 'நீயா நானா' சாதாரண மனிதர்களை உட்கார வைத்துப் பேச விட்டது. தனியார் தொலைக்காட்சி கெட்டது, அரசு தொலைக்காட்சி நல்லது என்று இதைப் பிரித்துவிட முடியாது.

பிறகு என்ன நடந்தது? கதைக்கு முடிவு இல்லாமல் போனது. தூர்தர்ஷன் காலத்தில் வாரத் தொடருக்குப் பதின்மூன்று வாரம் என்பது வழக்கம். எழுதுகிறவருக்கு முதல் வாரமே கடைசி வாரம் தெரியும். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகள் ஓடியது. 2014இல் தொடங்கிய 'சந்திரலேகா' 2022 வரை 2,200 பகுதிகளைத் தாண்டியது. இவற்றில் உழைத்தவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாள்தோறும் ஒரு பகுதி ஒளிபரப்பாக வேண்டும், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது என்றால் எந்த மேதை எழுதினாலும் கதை நீர்த்துப் போகும். கல்யாணம் நின்றுபோகும், பாலில் விஷம் கலக்கும், செத்தவர் திரும்பி வருவார். ஒரு பாத்திரம் ஒரு வார்த்தை சொன்னால், சுற்றி நிற்கும் எட்டுப் பேர் முகத்தையும் இடியோசையோடு மூன்று முறை காட்டுவார்கள். நேற்றைய கதையின் மீள்காட்சி, நாளைய கதையின் புரோமோ, நடுவில் விளம்பரம். அரை மணி நேரத்தில் கதை நகர்ந்தது ஒரு வாசற்படி தூரம்.

இந்தக் கதைகளில் பெண்களுக்கு நேர்வது இதைவிடக் கவலைக்குரியது. ஒரு பெண் சதி செய்கிறாள், இன்னொரு பெண் அழுகிறாள். சம்பாதிக்கிற பெண், படித்த பெண், தனியாக வாழ்கிற பெண் என்றால் பெரும்பாலும் வில்லி. நம் ஊரில் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் விடியுமுன் எழுந்து, பொழுது ஏறி வெயில் கொளுத்துமுன் உப்பு வாரி, தலைச்சுமையாய்ச் சுமந்து குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அந்தப் பெண்ணின் ஒருநாள் வாழ்க்கையில் இருக்கும் கதை, ஆயிரம் பகுதிகளில் வருவதில்லை.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டுப் போட்டி, நடனப் போட்டி என்று ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை மேடையேற்றி, பெரியவர்களுக்கான பாட்டுக்கு, பெரியவர்களின் அசைவுகளை ஆட வைக்கிறார்கள். தோற்ற பிள்ளை அழும்போது கேமரா இன்னும் கிட்டே போகிறது. 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இதுபற்றி எல்லாச் சானல்களுக்கும் அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. குடும்பச் சண்டையை மேடையில் தீர்த்துவைப்பதாகச் சொன்ன 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கு 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஏழைக் குடும்பங்களின் அந்தரங்கத்தைக் கடைத்தெருவில் விரிப்பது பொழுதுபோக்கு ஆகாது என்று சொல்லக் கூடியவர்கள் தென்கோடியிலும் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

இவையெல்லாம் யாருடைய தீர்ப்பால் நடக்கின்றன? வியாழக்கிழமைதோறும் வெளிவரும் டி.ஆர்.பி. கணக்கின் தீர்ப்பால். இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி என்று கணக்கெடுக்கும் பார்க் அமைப்பே 2020இல் மதிப்பிட்டது. அளக்கும் கருவி வைத்த வீடுகள் அரை லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு கருவி ஏறக்குறைய 3,800 வீடுகளுக்காகப் பேசுகிறது.

மாதிரி எடுத்து மதிப்பிடுவது நம் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பை அறிவிக்கும் முன் தோலாயிரம் பார் போன்ற முத்துப்பார்களில் ஆள் இறக்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அவற்றைத் திறந்து, முத்தை மதிப்பிட்டு, சிப்பிக்கு வயது எவ்வளவு என்று பார்ப்பார்கள். இளஞ்சிப்பியாக இருந்தால் அந்த வருஷம் குளிப்பு இல்லை, பாரை விட்டுவிட வேண்டும். நம் கரையில் கடைசிப் பெருங்குளிப்பு 1961இல் நடந்தது. டி.ஆர்.பி.யும் மாதிரிதான். ஆனால் அது எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் எண்ணுகிறது. பார்த்தவருக்கு மனம் நிறைந்ததா, வேறு வழியில்லாமல் பார்த்தாரா, பார்த்துவிட்டு வைதாரா என்று அதற்குத் தெரியாது. எந்தப் பாரை விட்டுவைக்க வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. தினமும் குளித்துத் தீர்த்துவிடச் சொல்கிறது. அந்தக் கணக்கும் சுத்தமாக இருந்ததா? 2020 அக்டோபரில் மும்பையில் வெடித்த மோசடிப் புகாருக்குப் பிறகு செய்திச் சானல்களின் கணக்கை நிறுத்திவைத்தார்கள். அது திரும்ப வர 2022 மார்ச் ஆயிற்று.

'மக்கள் கேட்பதைத்தானே தருகிறோம்' என்பவர்களுக்கு என் பதில் இது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றன. பழைய 'மெட்டி ஒலி'யை மறுபடி ஒளிபரப்பினார்கள். கதை முழுக்கத் தெரிந்த நிலையிலும் வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தோம். 2022இல் வந்த 'எதிர்நீச்சல்' தொடரில் வீட்டுக்குள் அடக்கப்பட்ட பெண்கள் மெல்ல மெல்ல எழுந்து நின்றபோது தமிழ்நாடே அதைப் பேசியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது சொந்தக்காரர் போனதுபோல் மக்கள் வருந்தினார்கள். நல்லதாகத் தந்தால் மக்கள் கொண்டாடுகிறார்கள். ரசனை கெட்டதென்றால் இதெல்லாம் எப்படி நடந்தது?

இன்னொன்றையும் யோசியுங்கள். வசதியும் இளமையும் உள்ளவர்கள் செல்போனுக்கும் ஓடிடிக்கும் போய்விட்டார்கள். 2006 தொடங்கி ஐந்தாண்டுகளில் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி தந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. இன்றும் அந்தப் பெட்டியை நம்பி இருப்பவர்கள் யார்? முதியவர்கள், வீட்டில் இருக்கும் பெண்கள், அளத்திலும் ஹார்பரிலும் வேலை முடித்து வருகிறவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகைக் கட்டிவிட்டு வீட்டில் இருக்கும் விசைப்படகுக் குடும்பங்கள். மாற்று வழி இல்லாதவர்களுக்குத்தான் தொலைக்காட்சி இன்று அதிகம் வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மட்டமானது போதும் என்று முடிவுசெய்யும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

அவர்களுடைய நேரத்தைக்கூட யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சானல்களுக்கு முக்கியமான நேரம் இரவு எட்டு முதல் பத்தரை. பின்னிரவில் எழுந்து அளத்துக்குப் போக வேண்டியவருக்கு அது தூங்கும் நேரம். ஒரு சீரியலுக்காக அவர் விழித்திருந்தால் தூக்கத்தை விலையாகக் கொடுக்கிறார். அந்த விலைக்குத் தகுந்த சரக்கு அவருக்குக் கிடைக்க வேண்டாமா?

செய்திக்கு வருகிறேன். 2018 மே 22, 23 தேதிகளில் இந்த ஊரில் போராட்டத்தையொட்டி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்தோம். 23ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை முடக்கினார்கள். பக்கத்துத் தெருவில் நடப்பதை அறியக்கூட நாம் தொலைக்காட்சியைத்தான் பார்த்தோம். ஆபத்துக்கு நடுவே கேமராவோடு தெருவில் நின்ற செய்தியாளர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள். அப்போதும் தொலைக்காட்சி வந்தது, உதவியது.

ஆனால் செத்தால்தான் நாம் செய்தியா? மூழ்கினால்தான் நம் முகம் திரையில் தெரியுமா? சாதாரண நாளில் மாலை ஏழு மணிக்குத் திருப்பிப் பாருங்கள். ஆறு கட்டங்களில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒரு தலைவர் விமான நிலையத்தில் சொன்ன ஒற்றை வரியை வைத்து ஒரு மணி நேரம். ஒரு மாவட்டத்துக்கு ஆள் அனுப்பி, நான்கு நாள் தங்கி, ஒரு பிரச்சினையை விசாரித்து வருவதற்குச் செலவாகும். ஆறு பேரை உட்கார வைத்துக் கத்த விட அவ்வளவு செலவில்லை. விவாதம் பெருகியதற்கு இதுவே காரணம்.

நம் கடலில் எத்தனை கதைகள்! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. நமக்கு எதிரே இருக்கும் வான் தீவு அரித்து அரித்துச் சுருங்கியது. செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அதைக் காக்க அரசும் சென்னை ஐஐடியும் முயன்றன. உயிரைப் பணயம் வைத்துச் சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1973இல் இங்கேதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிகளின் கதை இருக்கிறது. ஒரு நல்ல நிகழ்ச்சியாளர் கையில் இவை கிடைத்தால் பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில், அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. 2022 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் ஒவ்வொரு சானலும் நாளுக்கு அரை மணி நேரம் பொதுநல நிகழ்ச்சி தர வேண்டும் என்கின்றன. ஒரு சில வகைச் சானல்களுக்கே விலக்கு. கல்வி, விவசாயம், உடல்நலம், பெண்கள் நலம், சுற்றுச்சூழல், பண்பாட்டுப் பாதுகாப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த அரை மணி நேரம் எப்போது வருகிறது, அதில் என்ன காட்டுகிறார்கள் என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? விளம்பரத்துக்கும் விதி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் கூடாது, அதில் இரண்டு நிமிடம் சானலின் சொந்த விளம்பரத்துக்கு. ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

குறை சொல்லவும் வழி இருக்கிறது. 2021 ஜூனில் திருத்திய கேபிள் விதிகளின்படி, நிகழ்ச்சி நெறிகளை மீறியதாக நீங்கள் புகார் தந்தால் சானல் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் மேலே சானல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதற்கும் மேலே அரசின் குழு என்று படிகள் உண்டு. நம் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு வழி இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு அமைக்க 2008இல் மத்திய அமைச்சகம் உத்தரவிட்டது. காவல் கண்காணிப்பாளர், மகளிர் கல்லூரி முதல்வர் ஒருவர், பெண்கள் நலத்துக்கும் குழந்தைகள் நலத்துக்கும் உழைக்கும் அமைப்புகள் அதில் இடம்பெற வேண்டும். அந்தக் குழு கூடுகிறதா என்று கேட்பது நம் வேலை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தணிக்கையைக் கூட்டுங்கள், தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அரசாங்கத்தின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் அது முதலில் வெட்டுவது நம் கேள்விகளைத்தான். மட்டமான சீரியல் தப்பித்துக்கொள்ளும், துணிச்சலான செய்தி வெட்டுப்படும். கேட்க வேண்டியவர் நேயர். பதில் சொல்ல வேண்டியவர் சானல். இந்த இருவருக்கும் நடுவே நேரடிப் பேச்சு மறுபடி தொடங்க வேண்டும்.

அதற்கு நான் வைக்கும் வேண்டுகோள்கள் எளிமையானவை. இந்த ஊரில் ஒரு நேயர் மன்றம் அமைப்போம். அளத்துப் பெண்களும் மீனவக் குடும்பங்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கூடிப் பார்த்ததைப் பேசுவோம். வெறுமனே 'எல்லாம் குப்பை' என்று சொல்லாமல், எந்தச் சானல், எந்த நாள், எந்த நேரம், எந்தக் காட்சி, ஏன் தவறு என்று எழுதுவோம். அப்படி எழுதினால்தான் புகார் நிற்கும். நல்ல நிகழ்ச்சி வந்தால் அதையும் எழுதி அனுப்புவோம். திட்டு மட்டுமே கேட்கும் எழுத்தாளனும் இயக்குநரும் சோர்ந்துபோவார்கள். நல்லதைச் செய்தவருக்கு அது நல்லது என்று தெரிய வேண்டும்.

பணத்தின் மொழியிலும் பேசுவோம். 2019 பிப்ரவரி முதல் சானல் வாரியாக விலை வந்திருக்கிறது. கேபிள்காரர் தரும் பொக்கேயை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், எந்தச் சானலுக்கு எவ்வளவு போகிறது என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து ஏமாற்றும் சானலை மூன்று மாதம் நிறுத்துங்கள், நிறுத்தியதற்குக் காரணத்தையும் எழுதித் தெரிவியுங்கள். ஒரு வீடு நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. ஒரு தெரு நிறுத்தினால் கேபிள்காரருக்குத் தெரியும். ஒரு மாவட்டம் நிறுத்தினால் சென்னையில் தெரியும்.

சானல் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வாரத்தில் அரை மணி நேரம் நேயர் கடிதத்துக்கு ஒதுக்குங்கள். உங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கேமராவின் முன் உட்காரட்டும். இந்தத் தொடர் ஏன் இப்படிப் போகிறது, அந்தக் குழந்தையை ஏன் அப்படி ஆட வைத்தீர்கள் என்று நாங்கள் கேட்கிறோம், அவர் பதில் சொல்லட்டும். நாற்பது ஆண்டுக்கு முன் அரசாங்க நிலையம் ஒன்று அஞ்சலட்டையை வைத்துக்கொண்டு செய்ய முடிந்ததை, இவ்வளவு வசதி உள்ள நீங்கள் செய்ய முடியாதா?

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்போம். உங்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில், இந்த வாரம் உங்களை வருந்தச் செய்த ஒரு நிகழ்ச்சியையும் மனம் நிறையச் செய்த ஒரு நிகழ்ச்சியையும் எழுதுங்கள். அவைதான் நாம் சானல்களுக்கு அனுப்பப் போகும் முதல் கடிதங்கள். பதில் வரும்வரை கேட்போம். வராவிட்டால் சட்டம் காட்டும் அடுத்த படிக்குப் போவோம்.